சர்ஃப் பால்ரூமில் ஒரு திங்கட்கிழமை இரவு

எனக்குத் தெரிந்த பனி, மார்கழி மாதம் விடியற்காலையில் டியூஷனுக்குக் கிளம்பும்போது சைக்கிள் சீட்டை நனைத்து வைத்திருக்குமே, அது ஒன்றுதான். வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும் பனியை சினிமாவில் பார்த்ததோடு சரி. அதிலும் கதாநாயகி மெல்லிசான சேலையில் ஆடிக்கொண்டிருப்பார், கதாநாயகன் மட்டும் கோட்டு, மஃப்ளர், கையுறை என்று சகல பந்தோபஸ்தோடு நிற்பார். அதனால் பனி எவ்வளவு குளிரும் என்பதைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை. கொஞ்ச நாட்களாக இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிளியர் லேக் என்ற சின்ன ஊரில் நடந்த ஒரு பாட்டுக் கச்சேரியைப் பற்றி, அதற்குப் போய்வந்தவர்கள் சொன்னதையெல்லாம் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைத் தவிர வேறு எதைப் படித்தாலும் சுவாரசியமாக இருக்கிற பருவம் இது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பித்து வைத்தவர் பாப் டிலன். அவருக்கு 2016-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள் அல்லவா? 2017 ஜூனில்தான் அதற்கான உரையை அனுப்பி வைத்தார். தன் பாட்டுக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துப் பேசுகிற உரை. மோபி டிக், ஒடிஸி என்று பெரிய பெரிய புத்தகங்களுக்கெல்லாம் போவார். ஆனால் தொடங்குவது ஒரு கச்சேரி நினைவில். பட்டி ஹாலி என்கிற பாடகரை ஒரே ஒரு முறை நேரில் பார்த்தேன், அதற்காக நூறு மைல் போனேன், அவர் செத்துப்போவதற்குச் சில நாட்கள் முன்பு, ஆறடி தூரத்தில் நின்றேன், அவர் என் கண்ணை நேராகப் பார்த்தார், என்னவோ ஒன்று எனக்குள் வந்தது என்கிறார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர், நோபல் வாங்கியவர், ஒரு ரசிகப் பையனாக மாறிப் பேசுகிற இடம் அது.

(பட்டி ஹாலி என்று தமிழில் எழுதினால் ஆடு அடைக்கிற பட்டி மாதிரி இருக்கிறது. நண்பன் என்று பொருள்படும் செல்லப் பெயர் அது. இனி ஹாலி என்றே எழுதுகிறேன்.)

டிலன் பார்த்தது கிளியர் லேக் கச்சேரியை அல்ல. இரண்டு நாள் முன்னால், ஜனவரி 31-ஆம் தேதி, மினசோட்டாவின் டுலூத் நகரத்தில் நடந்ததை. டிலன் வளர்ந்த ஹிப்பிங்கிலிருந்து டுலூத் சுமார் 75 மைல்தான். அவர் நினைவில் அது நூறு மைல் ஆகியிருக்கிறது. ஹாலி இறந்தபோது தனக்குப் பதினெட்டு வயது இருக்கும் என்கிறார். 1941 மே மாதம் பிறந்தவருக்கு அன்று பதினேழுதான் முடிந்திருந்தது. இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எனக்கு அந்த 25 மைல் ரொம்பப் பிடித்திருக்கிறது. பனி மூடிய ரோட்டில் ஒரு பதினேழு வயதுப் பையனுக்கு எழுபத்தைந்து மைல் என்பது நூறு மைல்தான்.

இனி அந்தக் கச்சேரிப் பயணத்தைப் பற்றி. பெயர் 'வின்டர் டான்ஸ் பார்ட்டி'. 24 நாள், 24 ஊர். 1959 ஜனவரி 23-ஆம் தேதி மில்வாக்கியில் தொடங்கியது. பெரிய பெயர்கள் நான்கு. டெக்சாஸ்காரரான ஹாலிக்கு 22 வயது. கருப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, கையில் ஃபெண்டர் கிட்டார். ரிச்சி வாலன்ஸ், 17 வயது, கலிபோர்னியாவைச் சேர்ந்த மெக்சிகோ வம்சாவளிப் பையன். 'லா பாம்பா' அவர் பாடியதுதான். ஜே.பி. ரிச்சர்ட்சன், 28 வயது, ரேடியோ அறிவிப்பாளர், மேடைப் பெயர் பிக் பாப்பர். அப்புறம் நியூயார்க் பிராங்க்ஸிலிருந்து டியானும் அவருடைய பெல்மான்ட்ஸ் குழுவும். ஹாலிக்குப் பின்னால் வாசிக்க டாமி ஆல்சப், கார்ல் பன்ச், பாஸ் கிட்டாரில் வேலன் ஜென்னிங்ஸ். (வேலன்! நம் முருகனேதான். பின்னாளில் கன்ட்ரி இசையில் மிகப் பெரிய ஆள் ஆனார்.)

காமர்ஸ் மாணவன் என்ற முறையில் என்னை மிகவும் உறுத்தியது இந்தப் பயணத்தின் திட்டம்தான். ஊர்களை வரிசையாக வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். விஸ்கான்சின், மினசோட்டா, மறுபடி விஸ்கான்சின், மறுபடி மினசோட்டா, அயோவா, திரும்ப வடக்கே மினசோட்டா, கிழக்கே விஸ்கான்சின், மேற்கே அயோவா, அடுத்த நாள் வடமேற்கே மினசோட்டாவின் மூர்ஹெட். குழந்தை கையில் கிரேயான் கொடுத்த மாதிரி இருக்கும். எந்த ஊரில் எந்தத் தேதி கிடைக்கிறதோ அந்தத் தேதிக்கு புக் செய்துவிட்டார்கள், நடுவில் உள்ள தூரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. போக்குவரத்து பஸ்ஸில். அந்த பஸ்களும் ஹீட்டர் வேலை செய்யாமல், ஒன்று மாற்றி ஒன்று பழுதாகிக்கொண்டிருந்தன. டுலூத் கச்சேரி முடிந்து கிளம்பிய இரவில், மிச்சிகன் எல்லைக்குப் பக்கத்தில், காட்டுக்குள் பஸ் நின்றே போய்விட்டது. வெளியே மைனஸ் 30 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டிய குளிர். உள்ளே செய்தித்தாள்களைக் கொளுத்திக் குளிர் காய்ந்திருக்கிறார்கள். டிரம்மர் கார்ல் பன்ச்சுக்குக் கால் உறைந்துபோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் டிரம்ஸுக்கு ஆள் இல்லாமல் மற்றவர்களே மாறி மாறி உட்கார்ந்து சமாளித்திருக்கிறார்கள். ஹாலியே மற்றவர்களுக்காக டிரம்ஸ் வாசித்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

இவ்வளவு பெரிய பாடகர் ஏன் இப்படி ஒரு பஸ்ஸில் போக வேண்டும்? காசு. 1957-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டைக் கொடுத்தவர் கையில் 1959 ஜனவரியில் காசு இல்லை. மேனேஜரோடு முறித்துக்கொண்டு வந்துவிட்டார். ராயல்டி பணம் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. திருமணமாகி ஆறு மாதம் ஆகவில்லை, மனைவி மரியா எலேனா கர்ப்பமாக இருந்தார், நியூயார்க்கில் வீட்டு வாடகை ஓடிக்கொண்டிருந்தது. வரவேண்டிய பாக்கி நிறைய, கையில் ரொக்கம் சுழியம். எங்கள் வகுப்பில் இதற்கு ஒர்க்கிங் கேப்பிடல் பிரச்சினை என்று பெயர். பரீட்சையில் பத்து மார்க் கேள்வி. இங்கே அது மைனஸ் முப்பது டிகிரியில் பஸ் ஏறுகிற விஷயமாக இருக்கிறது.

கிளியர் லேக் இந்தத் திட்டத்திலேயே முதலில் கிடையாது. பிப்ரவரி 2 காலியாக இருந்தது. அன்றும் ஒரு வரும்படி இருக்கட்டும் என்று கடைசி நேரத்தில் சர்ஃப் பால்ரூம் மேனேஜர் கரோல் ஆண்டர்சனைக் கேட்டார்கள், அவர் சரி என்றார். முந்தைய கச்சேரி நடந்த கிரீன் பேயிலிருந்து 350 மைல், நம் ஊர்க் கணக்கில் சென்னையிலிருந்து கோவில்பட்டி. பதினோராவது கச்சேரி அது.

சர்ஃப் பால்ரூமைப் படங்களில் பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். கடலே இல்லாத அயோவாவில், சுற்றிலும் சோள வயல்களுக்கு நடுவே, கடற்கரை கிளப் மாதிரி கட்டியிருக்கிறார்கள். சுவரில் தென்னை மரங்கள், அலைகள். உட்கூரையில் மேகங்கள் நகர்வது போல வெளிச்சம் விழும். வெளியே பனி, உள்ளே பொய்க் கடற்கரை. இப்போதிருக்கும் கட்டிடம் 1948-இல் எழுந்தது. 1933-இல் கட்டிய பழையது 1947-இல் எரிந்துவிட்டது.

டிக்கெட் ஒன்றே கால் டாலர். கூட்டம் எவ்வளவு என்பதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு: 1,100 என்கிறார்கள், 1,300 என்கிறார்கள், 1,500 வரை போகிறவர்களும் உண்டு. குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் வசூல் 1,375 டாலர். அன்று திங்கட்கிழமை என்பதைக் கவனிக்க வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடம். நம் வீடுகளில் திங்கட்கிழமை இரவு, வெளியே பனி, பக்கத்து ஊரில் பாட்டுக் கச்சேரி, போகட்டுமா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அயோவா அப்பா அம்மாக்கள் எப்படி விட்டார்கள் என்பது இந்தக் கதையில் எனக்கு விளங்காத பெரிய மர்மம்.

அந்த இரவின் பாட்டு எதுவும் ஒலிப்பதிவாக நம்மிடம் இல்லை. கொஞ்சம் புகைப்படங்கள் இருக்கின்றன. மற்றபடி அந்த நான்கு மணி நேரம் முழுவதும் போனவர்களின் தலைக்குள்தான் இருக்கிறது. எந்தப் பாட்டு முதலில், எது கடைசி, யார் டிரம்ஸ், யார் என்ன சட்டை என்று ஐம்பது அறுபது வருடங்களாகப் பேசிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 1979-லிருந்து ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் பிப்ரவரி தொடக்கத்தில் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கும் 'வின்டர் டான்ஸ் பார்ட்டி' என்றே பெயர். 2021-இல் அந்த மண்டபத்தை அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

கச்சேரிக்குப் பிறகு நடந்ததுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பஸ்ஸில் போக ஹாலிக்கு அலுத்துவிட்டது. அடுத்த ஊரான மூர்ஹெட்டுக்கு 365 மைல். பக்கத்து மேசன் சிட்டி விமான நிலையத்திலிருந்து நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை வாடகைக்குப் பேசினார். பைலட் போக மூன்று இடம், ஆளுக்கு 36 டாலர். முன்னாலேயே போய்விட்டால் கொஞ்சம் தூங்கலாம், அழுக்குத் துணியைத் துவைக்கப் போடலாம். இதுதான் திட்டம், இதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆல்சப்பும் ஜென்னிங்ஸும் அவரோடு போவதாக இருந்தது. பிக் பாப்பருக்கு ஃப்ளூ காய்ச்சல், பெரிய உடம்பு, பஸ் இருக்கையில் அடங்கவில்லை. ஜென்னிங்ஸ் தன் இடத்தை அவருக்குக் கொடுத்தார். வாலன்ஸ், ஆல்சப்பிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் காசு சுண்டிப் போட்டார்கள். வாலன்ஸ் ஜெயித்தார்.

இங்கேதான் நினைவுகள் முட்டிக்கொள்கின்றன. தானே காசைச் சுண்டியதாக ஆல்சப் சாகும்வரை சொன்னார் (2017-இல் இறந்தார்). அன்று நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய உள்ளூர் ரேடியோ அறிவிப்பாளர் பாப் ஹேல், இல்லை, இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சுண்டியது நான் என்றார். டியான் வேறொன்று சொல்கிறார்: விமானத்தில் ஓர் இடம் தனக்குத்தான் வந்தது, 36 டாலர் என்றதும் மனசு ஒப்பவில்லை, பிராங்க்ஸில் அப்பா அம்மா அந்தத் தொகைக்காக ஒவ்வொரு மாதமும் சண்டை போட்டதைக் கேட்டு வளர்ந்தவன் நான், அது எங்கள் வீட்டு மாத வாடகை என்கிறார். மூன்று பேரும் அங்கே இருந்தவர்கள். மூன்று பேரும் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாதவர்கள். ஒரு நாணயம், எத்தனை கைகள் பாருங்கள்.

எனக்கு இதைப் படித்தபோது டியானின் கணக்குதான் மனதில் நின்றது. மற்றவர்களுடையது விதி பற்றிய கதை. இவருடையது வாடகை பற்றிய கதை. ஒருவன் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அவன் வீட்டு மாதாந்திர பட்ஜெட் என்றால், அது நான் நம்பக்கூடிய காரணம். எங்கள் வீட்டிலும் ஆட்டோவுக்குக் கேட்ட காசு அதிகம் என்று அம்மா இரண்டு கிலோமீட்டர் நடந்தே கூட்டிப் போன நாட்கள் உண்டு.

ஜென்னிங்ஸின் நினைவு இன்னும் கொடுமையானது. விமானத்தில் போகாமல் விட்டுக்கொடுத்ததைக் கேள்விப்பட்டு, உங்கள் பழைய பஸ் உறைந்து நிற்கட்டும் என்று ஹாலி கிண்டல் செய்ய, உங்கள் விமானம் விழட்டும் என்று இவரும் கிண்டலாகவே திருப்பிச் சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு 21 வயது. பல வருடங்கள் அதைச் சுமந்துகொண்டு திரிந்ததாகப் பின்னால் சொல்லியிருக்கிறார்.

மண்டப மேனேஜர் ஆண்டர்சனே தன் காரில் மூவரையும் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். நள்ளிரவு தாண்டி 12.55 மணி. லேசாகப் பனி பெய்துகொண்டிருந்தது, காற்று பலமாக இருந்தது. பைலட் ரோஜர் பீட்டர்சனுக்கும் வயது 21. திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவர். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதிச் சான்றிதழ் அவரிடம் இல்லை. நட்சத்திரம் இல்லாத வானம், விளக்கு இல்லாத வெள்ளை வயல், எது வானம் எது தரை என்று கண்ணுக்குத் தெரியாது. அந்த விமானத்தில் இருந்த ஒரு கருவி, மூக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதை, அவர் பழகிய கருவிக்கு நேர் எதிராகக் காட்டும் வகையைச் சேர்ந்தது. மேலே ஏறுகிறோம் என்று நினைத்துக்கொண்டே கீழே இறங்கியிருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. வானிலை மோசமாகிறது என்ற எச்சரிக்கைகள் வந்திருந்தும் அவருக்குச் சொல்லப்படவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஆனால் ரொம்ப நாள் எல்லோரும் மூன்று பேர் இறந்ததாகவே பேசினார்கள். பாட்டில், சினிமாவில், நினைவுச் சின்னத்தில் எல்லாம் மூன்று பேர். வயலில் நிற்கும் நினைவிடத்தில் பைலட்டுக்கென்று இறக்கை வடிவத்தில் ஒன்றை வைத்ததே பல வருடம் கழித்துத்தான்.

விமான உரிமையாளர் ஜெர்ரி ட்வையர், பின்விளக்கு மெல்லக் கீழிறங்கி மறைவதைத் தரையிலிருந்து பார்த்தார். ரேடியோவில் கூப்பிட்டார், பதில் இல்லை. காலை ஒன்பதரை மணிவாக்கில் தானே இன்னொரு விமானத்தில் தேடிப் போய், ஆறு மைலுக்குள் ஒரு வயலில் கண்டுபிடித்தார். இரவில் காரில் கொண்டுவந்து விட்ட ஆண்டர்சனே போய் அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது. மரியா எலேனாவுக்கு விஷயம் தெரிந்தது செய்தி வழியாக. கரு கலைந்துவிட்டது.

கிளியர் லேக் பிள்ளைகள் செவ்வாய்க்கிழமை காலை தூக்கக் கலக்கத்தோடு பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அங்கேதான் பலரும் கேள்விப்பட்டார்கள். நேற்று இரவு பார்த்தோமே, கையெழுத்து வாங்கினோமே என்று.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம்.

இரண்டு வருடம் முன்பு எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் மூன்றாம் வருடம் படித்த அண்ணா ஒருவர் பாடினார். பெயர் சொல்லவில்லை, அவர் வீட்டார் விரும்ப மாட்டார்கள். நல்ல குரல். கல்லூரிக்கு வெளியே யாருக்கும் அவரைத் தெரியாது. விழா முடிந்து பைக்கில் ஊருக்குப் போகிற வழியில் பைபாஸில் விபத்து, அங்கேயே போய்விட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்கு போன் வந்தது. நேற்று இரவுதானே பார்த்தோம் என்றுதான் நானும் சொன்னேன்.

அதற்கப்புறம் அந்த ஆண்டு விழா இரவு என்பது எங்கள் எல்லோருக்கும் வேறு ஒன்றாக மாறிவிட்டது. கடைசியாக அவர் தன்னிடம்தான் பேசினார் என்று சொல்பவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர். கிளம்பும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார் என்கிறான் ஒருவன். கடைசியாக அவர் பாடியது ஒரு சோகப் பாட்டு, அரங்கமே அமைதியாகிவிட்டது, அப்போதே என்னவோ மாதிரி இருந்தது என்று என் பெஞ்ச்மேட் சொல்வான். நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்த அமைதி ஞாபகம் இருந்தது.

எங்களிடம் வீடியோ இருக்கிறது. கிளியர் லேக் மாதிரி இல்லை. ஆறேழு போன்களில், வெவ்வேறு கோணங்களில், வகுப்பு வாட்ஸப் குழுவில் இருக்கிறது. ஒரு வருடமாக யாரும் திறந்து பார்க்கவில்லை. போன மாதம், இந்த கிளியர் லேக் சமாச்சாரம் எல்லாம் படித்த பிறகு, நான் ஒன்றைத் திறந்தேன். அவர் கடைசியாகப் பாடியது குத்துப்பாட்டு. பின்வரிசையில் பையன்கள் பெஞ்சு மேல் ஏறி ஆடுகிறார்கள். விசில் சத்தத்தில் பாதி வரி கேட்கவே இல்லை. நடுவில் ஓரிடத்தில் அவர் வரியை மறந்துவிட்டுச் சிரிக்கிறார், கீபோர்டு வாசிப்பவன் எடுத்துக் கொடுக்கிறான். சோகப் பாட்டு இரண்டாவது. அதற்கும் அரங்கம் ஒன்றும் அமைதியாக இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் "வடை இருக்கா" என்று கேட்பது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

அதைப் பார்த்துவிட்டு நான் அழுதேன் என்பதும் உண்மை, நடுவில் சிரித்தேன் என்பதும் உண்மை. சோகம் எப்படி எல்லாவற்றையும் பின்பக்கமாகப் போய் நனைத்துவிடுகிறது! விழா நடந்தபோது அது சந்தோஷமான இரவு. பன்னிரண்டு மணி நேரம் கழித்து வந்த செய்தி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. எங்களிடமிருந்து மட்டுமா? அவரிடமிருந்தும் அல்லவா? அவர் சந்தோஷமாகத்தானே பாடிவிட்டுப் போனார்.

சர்ஃப் பால்ரூம் ரசிகர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது இதனால்தான். வெளியில் இருக்கிற நாம் அந்த இரவை மரணத்தோடு சேர்த்தே நினைக்கிறோம். டான் மெக்லீன் 1971-இல் அந்த விபத்தை மனதில் வைத்து 'அமெரிக்கன் பை' எழுதினார். விபத்து நடந்தபோது அவர் பதின்மூன்று வயதுப் பையன், வீடு வீடாகப் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தவர், கட்டுக்குள் இருந்த செய்தியாகத்தான் அவருக்கு அது வந்தது. பாட்டு அருமையானது, சந்தேகமில்லை. (எழுதிய காகிதங்கள் 2015-இல் 12 லட்சம் டாலருக்கு ஏலம் போயின. அந்தத் தொகையையும் 36 டாலரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன், பிறகு அடித்துவிட்டேன்.) ஆனால் அவர் கச்சேரிக்குப் போனவர் அல்ல. போனவர்கள் சொல்வதைக் கேட்டால், அவர்கள் முதலில் சொல்வது செத்துப்போனதை அல்ல. ஆடியதை. ரிச்சி வாலன்ஸ் தங்கள் வயதுப் பையன் என்பதை. பிக் பாப்பர் அடித்த கூத்தை. இவ்வளவு குளிரில், உடைந்த பஸ்ஸில், டிரம்மர் இல்லாமல் வந்தவர்கள் முகத்தில் அது எதுவுமே தெரியவில்லை என்பதை. பஸ்ஸில் குளிர் காய்ந்ததும், ராயல்டி மாட்டிக்கொண்டதும் நமக்குத் தெரியும், அந்த ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு அன்று தெரியாது. அவர்கள் பார்த்தது நாலு மணி நேர ஆட்டம் பாட்டம். ஒலிப்பதிவு இல்லாதபோதும் அந்தச் சந்தோஷத்தை இவ்வளவு வருடம் கெடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். எங்களிடம் ஏழு வீடியோ இருந்தும் ஒரு வருடத்தில் பாட்டு வரிசையையே மாற்றிவிட்டோம்.

மூர்ஹெட் கச்சேரி ரத்தாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிப்ரவரி 3-ஆம் தேதி இரவே நடந்தது. செய்தி தெரிந்தே நடத்தினார்கள். ஆள் பற்றாக்குறை, உள்ளூரில் யாராவது பாட முடியுமா என்று ரேடியோவில் கேட்டார்கள். பக்கத்து ஃபார்கோவிலிருந்து பதினைந்து வயதுப் பையன் ஒருவன், ஹாலி பாட்டெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவன், இரண்டே வாரம் வயதான தன் குழுவோடு வந்தான். மேடையில் ஏறுகிற நேரத்தில் குழுவுக்குப் பெயர் கேட்டார்கள், இல்லை. அங்கேயே 'ஷாடோஸ்' என்று வைத்தார்கள். நிழல்கள்! அந்தப் பையன் பின்னாளில் பாபி வீ என்ற பெயரில் பெரிய பாடகர் ஆனார். அதே 1959 கோடையில் அவர் குழுவில் பியானோ வாசிக்கக் கொஞ்ச நாள் ஒரு பையன் வந்து சேர்ந்தான், புனைபெயர் வைத்துக்கொண்டு. டுலூத்துக்கு நூறு மைல் போய் ஹாலியைப் பார்த்துவந்த அதே ஹிப்பிங் பையன்தான்.

ஆஸ்பத்திரியில் கால் உறைந்து கிடந்த கார்ல் பன்ச் குணமாகித் திரும்பி வந்து மிச்சப் பயணத்தில் சேர்ந்துகொண்டார். பஸ் பிப்ரவரி 15 வரை ஓடியது.

அன்று பதினாறு வயதில் கிளியர் லேக்குக்குப் போனவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. சர்ஃப் பால்ரூமில் அந்த டெலிபோன் பூத் இன்னும் இருக்கிறது, ஹாலி மனைவிக்குக் கடைசியாக போன் செய்ததாகச் சொல்லப்படும் பூத். எல்லோரும் அதற்குள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அங்கே போக வாய்த்தால் (விசா, டிக்கெட், பனிக்கான கோட்டு எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு வேலை கிடைக்க வேண்டும்) பூத்தில் நிற்க மாட்டேன் என்று நினைக்கிறேன். 1959-இல் போன பாட்டி யாராவது வந்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். அந்தத் திங்கட்கிழமை ராத்திரி உங்களை வீட்டில் எப்படி விட்டார்கள் பாட்டி?

அண்ணாவின் வீடியோவை அவர் தங்கைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அனுப்பினேன். சோகப் பாட்டை அல்ல, குத்துப்பாட்டை. ரொம்ப நேரம் பதில் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு ஒரு வரி வந்தது: "அந்த வடை கேட்டது யாரு?"